918 ரூபாயா, 3,560 ரூபாயா? சி.டி. பிளேயருக்கு ஒரு பற்று வரவு

பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் பழைய சி.டி. பிளேயரைத் திறந்து சத்தத்தைச் சீராக்க நினைப்பவருக்குச் செலவு பஸ் டிக்கெட்டிலேயே தொடங்கிவிடுகிறது. பெரம்பலூரில் கிடைக்காத உதிரி பாகத்துக்கு இன்னும் 60 கிலோமீட்டர் போய்த் திருச்சி சிங்காரத்தோப்பில் தேட வேண்டும். அங்கும் இல்லையென்றால் சென்னை ரிச்சி தெருதான். ஆகவே எதை வாங்குவது என்பதை வீட்டிலேயே கணக்குப் போட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

இங்கே இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்று, தேய்ந்ததை மாற்றும் பட்டியல். மற்றது, பேர்பெற்ற பாகங்களை ஏற்றும் பட்டியல். விலைகள் வட்டமான மதிப்பீடு. கடைக்கும் தரத்துக்கும் ஏற்ப ஏறி இறங்கும். பாகங்களின் அளவுகள் தயாரிப்பாளர் தரும் வழக்கமான மதிப்புகள்.

தட்டில் இருப்பது எவ்வளவு?

1982 அக்டோபரில் சோனி சி.டி.பி.-101 ஜப்பானில் 1,68,000 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஆடியோ சி.டி.யின் அளவுகோல் மாறவில்லை.

- நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல்: நொடிக்கு 14,11,200 பிட்
- 16 பிட்டின் உச்ச வரம்பு: 98 டெசிபல்
- பிளேயரின் முழு வெளியீடு: 2 வோல்ட்
- அதிலிருந்து 98 டெசிபல் கீழே, தட்டின் சொந்த இரைச்சல்: 25 மைக்ரோவோல்ட்

இந்த 25 மைக்ரோவோல்ட்தான் நமக்குப் படிக்கல். பிளேயருக்குள் எந்தப் பாகத்தை மாற்றினாலும் இதற்குக் கீழே இரைச்சல் இறங்காது. பாகம் தன் பங்குக்கு எவ்வளவு கூட்டுகிறது என்று மட்டும் பார்த்தால் போதும்.

ஐ.சி. மாற்றம்: 0.04 டெசிபல்

முதலில் எல்லோரும் கை வைப்பது வெளியீட்டு ஆப்-ஆம்ப் ஐ.சி.யில்தான். எட்டுக் கால், கழற்றுவது சுலபம், பேரும் பெரிது. 20,000 ஹெர்ட்ஸ் அகலத்தில், பெருக்கம் ஒன்று என்று வைத்து, ஒவ்வொன்றும் கூட்டும் இரைச்சல்:

- டி.எல்.072: 2.5 மைக்ரோவோல்ட்
- 4558: 1.1 மைக்ரோவோல்ட்
- ஓ.பி.ஏ.2134: 1.1 மைக்ரோவோல்ட்
- என்.இ.5532: 0.7 மைக்ரோவோல்ட்

இவற்றில் மோசமானதை எடுத்துவிட்டு மிக நல்லதைப் போட்டால், தட்டின் 25 மைக்ரோவோல்ட்டோடு சேர்ந்து மொத்தம் 25.12லிருந்து 25.01க்கு இறங்குகிறது. லாபம் 0.04 டெசிபல். 350 ரூபாய் ஓ.பி.ஏ.2134 இந்த ஒரு கணக்கில் 20 ரூபாய் 5532க்குப் பின்னால்தான் நிற்கிறது.

வேகம்? 20,000 ஹெர்ட்ஸில் 2 வோல்ட் தர மைக்ரோநொடிக்கு 0.36 வோல்ட் ஏறினால் போதும். சாதாரண 4558 ஒரு வோல்ட் ஏறும். ஓ.பி.ஏ.2134 20 வோல்ட் ஏறும். ஆனால் அதற்கு இங்கே வேலை இல்லை. வேகமான ஐ.சி.க்கு சப்ளைக் காலருகே 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர் இல்லையென்றால் அது தானே அலையத் தொடங்கிச் சூடாகலாம். போதாக்குறைக்கு, ஓ.பி.ஏ.2134 என்று அச்சிட்டது 50 ரூபாய்க்குக் கிடைத்தால் உள்ளே இருப்பது வேறு சரக்கு என்றே எண்ணிக்கொள்ள வேண்டும்.

கண்டன்சர்: வெயில் போடும் கணக்கு

எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் வேலை செய்யாமல் சும்மா இருந்தாலும் வயதாகும். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொது விதி. பெரம்பலூர் வெயிலில் அறை 35 டிகிரி, மூடிய பெட்டிக்குள் 55 டிகிரி என்று வைப்போம்.

- 85 டிகிரி, 2,000 மணி ரகம்: 16,000 மணி
- 105 டிகிரி, 2,000 மணி ரகம்: 64,000 மணி
- தினம் 3 மணி கேட்டால் ஆண்டுக்கு 1,095 மணி: முதலாவதுக்கு 14.6 ஆண்டு, இரண்டாவதுக்குக் காகிதத்தில் 58 ஆண்டு

காகிதத்தில் என்றதற்குக் காரணம், 58 ஆண்டுக்கு முன்பே அடி ரப்பர் காய்ந்துவிடும். இருந்தாலும் சில ரூபாய் வித்தியாசத்துக்கு நான்கு மடங்கு ஆயுள். 1990களின் கடைசியில் வாங்கிய பிளேயரில் 85 டிகிரி ரகம் இருந்தால், அதன் காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

முடிந்தால் என்ன ஆகும்? சப்ளையிலிருந்து 300 மில்லியாம்ப் இழுக்கும் போர்டில், 2,200 மைக்ரோஃபாரட் புதுக் கண்டன்சர் 12 வோல்ட் உச்சத்தில் 1.4 வோல்ட் மட்டுமே ஏற்ற இறக்கம் விடும், பள்ளம் 10.6 வோல்ட். அதே கண்டன்சர் காய்ந்து 500க்கு வந்தால் ஏற்ற இறக்கம் 6 வோல்ட், பள்ளமும் 6 வோல்ட். 7805 ரெகுலேட்டருக்கு உள்ளே குறைந்தது 7 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே போகும் ஒவ்வொரு முறையும், அதாவது நொடிக்கு 100 தடவை, 5 வோல்ட் சப்ளை தள்ளாடும். ஸ்பீக்கரில் வரும் ‘ம்ம்’ சத்தத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஐ.சி.யை மாற்றி இதை நிறுத்த முடியாது. 20 ரூபாய்க் கண்டன்சர் நிறுத்தும்.

லென்ஸும் கிளாக்கும்

மெக்கானிக்குகள் லென்ஸ் என்று சொல்வது லேசர் பிக்கப் முழுவதையும். 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் சுற்றும் சுமார் 5.4 கிலோமீட்டர் தடத்தை அது படிக்க வேண்டும். தடத்தில் 2.5 மில்லிமீட்டர் வரை விடுபட்டால் பிழைதிருத்தம் முழுதாக மீட்டுவிடும். அதற்கு மேல் போனால் ஊகித்து நிரப்பும். அதுவும் தாண்டினால் டிக் டிக், பிறகு தாவல். ஆகவே மங்கிய லென்ஸால் பாஸ் குறைவதோ குரல் கரகரப்பதோ இல்லை, பாட்டு அறுபடும். முதலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு. அதற்கும் படிக்காவிட்டால்தான் புது லென்ஸ். கே.எஸ்.எஸ்.-213 போன்ற புது லென்ஸில் நிலைமின்சாரப் பாதுகாப்புக்காக ஒரு ஈயப்பொட்டு வைத்திருப்பார்கள். ரிப்பனைச் செருகியபின் அதை எடுக்காவிட்டால் லேசர் எரியாது. நல்ல லென்ஸும் செத்ததாகத் தோன்றும்.

மாதிரிகள் வெளிவரும் நேரத்தை வகுக்கும் கிளாக் போர்டுக்குத்தான் விலை அதிகம். முழு அளவு 20,000 ஹெர்ட்ஸ் சத்தம் 16 பிட்டில் கெடாமல் இருக்க, கடிகாரத் தடுமாற்றம் 121 பிகோநொடிக்குள் இருந்தால் போதும். 2,000 ஹெர்ட்ஸில் எல்லை 1,210 பிகோநொடி வரை தளரும். நாகஸ்வரத்திலோ வயலினிலோ 20,000 ஹெர்ட்ஸில் முழு அளவு சத்தம் வருவதில்லை. இனி வேகப் பிழை: கிளாக்கின் படிகம் பத்து லட்சத்தில் 50 பங்கு தவறினாலும் 74 நிமிடத் தட்டு 0.22 நொடி முன்பின்னாக முடியும். அவ்வளவுதான்.

இரண்டு பட்டியல்கள்

முதல் பட்டியல், தேய்ந்ததை மாற்ற:

- 2,200 மைக்ரோஃபாரட், 105 டிகிரி, 2 × 20: ரூ.40
- 100 மைக்ரோஃபாரட், 12 × 4: ரூ.48
- வெளியீட்டுக் கண்டன்சர், 4 × 5: ரூ.20
- லென்ஸ் 1: ரூ.450
- தட்டு பெல்ட் 1: ரூ.30
- ஆல்கஹால் 100 மில்லி: ரூ.70
- ஈயம் ஒரு சுருள்: ரூ.110
- திருச்சி போய்வர: ரூ.150
- மொத்தம்: ரூ.918

இரண்டாம் பட்டியல், பேர்பெற்ற பாகங்கள்:

- ஓ.பி.ஏ.2134, 2 × 350: ரூ.700
- ஐ.சி. பேஸ், 2 × 5: ரூ.10
- 0.1 மைக்ரோஃபாரட், 4 × 2.50: ரூ.10
- ஆடியோ ரகக் கண்டன்சர், 4 × 60: ரூ.240
- கிளாக் போர்டு 1: ரூ.2,500
- கூரியர்: ரூ.100
- மொத்தம்: ரூ.3,560

சால்டரிங் அயர்ன், ஈயம் உறிஞ்சி, மல்டிமீட்டர் இல்லாதவருக்கு எந்தப் பட்டியலானாலும் சுமார் 690 ரூபாய் கூடும். லென்ஸ் துடைத்ததிலேயே சரியானால் முதல் பட்டியல் 468 ரூபாயில் முடியும்.

மிச்சம் 2,642 ரூபாய்

இரண்டுக்கும் வித்தியாசம் 2,642 ரூபாய். அதைப் பிளேயருக்கு வெளியே செலவிடலாம். நம் பக்கத்து மெக்கானிக்குகள் கட்டித்தரும் 4440 ஐ.சி. ஆம்ப் பலருக்குத் தெரிந்ததே. அதன் உருத்திரிபு வழக்கமாக 0.1 சதவீதம். பிளேயர் தரும் 2 வோல்ட்டின் கணக்கில் அது 2 மில்லிவோல்ட். தட்டின் இரைச்சலைப்போல் 80 மடங்கு. சேனலுக்கு 6 வாட் என்று சொல்வதோ 10 சதவீத உருத்திரிபில் அளந்தது. சத்தத்தைப் பாதியாக வைத்தால் பாட்டு தெளிவாகக் கேட்பது அதனால்தான். பிளேயரில் 0.04 டெசிபல் தேடுவதை விட்டு, இதைவிட நல்ல ஆம்ப்புக்கோ ஸ்பீக்கருக்கோ அந்தப் பணம் போகட்டும்.

அறையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மின்விசிறியின் சத்தம் 45 டெசிபல் என்று வைத்தால், தட்டின் 98 டெசிபல் வரம்பு முழுவதையும் கேட்க 143 டெசிபலில் பாட வைக்க வேண்டும். அது காது தாங்கும் அளவல்ல. சித்திரை மாதத்தில் விசிறியை நிறுத்துவதும் நடக்காது.

இரண்டாம் பட்டியலுக்கு நியாயமே இல்லையா என்றால், ஒரு வரிக்கு உண்டு: ஐ.சி. வெந்து போயிருந்தாலோ ஒரு சேனல் ஊமையாகியிருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். அப்போதும் 20 ரூபாய் 5532 இரண்டு போதும். ஒரு ஐ.சி. 8 மில்லியாம்ப் இழுக்கும் என்பதால் சப்ளை தாங்குமா என்று பார்த்துவிட்டுப் போட்டால், முதல் பட்டியல் 958 ரூபாய் ஆகும்.