ஒரிஜினலா, வெளி மாலா?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறக்கும் நேரத்தில் சென்னையின் எந்த மெக்கானிக் ஷெட்டுக்குள் நுழைந்தாலும் ஒரே புகார்தான். "அண்ணே, முன்பக்கம் டக் டக்னு சத்தம் வருது. ஸ்பீடு பிரேக்கர்ல இறங்கும்போது ஜாஸ்தி." மழையில் பெயர்ந்த தாரும், வேலைக்காகத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளங்களும் சேர்ந்து செய்த கைங்கரியம். வண்டியைத் தூக்கி, சக்கரத்தை ஆட்டிப் பார்த்து, லீவரை விட்டு நெம்பிப் பார்த்துவிட்டு மெக்கானிக் பட்டியல் வாசிப்பார்: லோயர் ஆர்ம் புஷ் போயிடுச்சு, லிங்க் ராட் ஆடுது, வலது பக்க ஷாக் லீக். கடைசியில் அந்தக் கேள்வி வரும். "கம்பெனி ஒரிஜினலே போட்டுடலாமா சார், இல்ல வெளி மால் வாங்கட்டுமா?"

வண்டி மேல் பாசம் உள்ளவர் "எவ்வளவு ஆனாலும் ஒரிஜினல்" என்பார். கை இறுக்கமாக இருப்பவர் "எது கம்மியோ அதைப் போடுங்க" என்பார். இரண்டுமே யோசிக்காமல் வரும் பதில்கள். சஸ்பென்ஷன் ஒற்றைப் பொருள் இல்லை. எண்ணெய் அடைத்த குழாய், சுருள் கம்பி, ரப்பர், உருண்டை மூட்டு என்று வெவ்வேறு குணமுள்ள பத்துப் பன்னிரண்டு சாமான்களின் கூட்டு. ஒன்றில் மிச்சம் பிடிக்கலாம். இன்னொன்றில் மிச்சம் பிடித்தால் சக்கரமே கழன்றுவிடும்.

முதலில், அந்த ஒரிஜினலை யார் செய்கிறார்கள்? பெரும்பாலும் கார் கம்பெனி இல்லை. 1961-இல் தொடங்கிய காப்ரியேல் இந்தியா போன்ற நிறுவனங்கள்தான் கார் ஆலைகளுக்கு ஷாக் அப்சார்பர் செய்து அனுப்புகின்றன. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை கட்டி 1998-இல் சான்ட்ரோவை இறக்கிய சமயத்திலேயே, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் சஸ்பென்ஷனும் செய்யும் கொரியாவின் மாண்டோ ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்துவிட்டது. ஸ்டீயரிங் சாமான்களுக்கும் பால் ஜாயின்டுக்கும் பெயர்பெற்ற ராணே (மெட்ராஸ்) சென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இத்தகைய ஆலைகளில் செய்யும் பொருளில் ஒரு பங்கு கார் கம்பெனியின் பெட்டிக்குள் போகிறது. மாருதி என்றால் எம்.ஜி.பி., ஹூண்டாய் என்றால் மோபிஸ். இன்னொரு பங்கு, செய்தவரின் சொந்தப் பெயர் அச்சிட்ட பெட்டியில், அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜி.பி. ரோட்டுக் கடைகளுக்கு வருகிறது. கடைக்காரர்கள் பாஷையில் 'ஓ.இ. மால்'. விலை கம்பெனிப் பெட்டியைவிடக் குறைவாக இருக்கும்.

பி.எம்.டபிள்யூ., பென்ஸ் போன்ற ஜெர்மன் கார்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். லெம்ஃபோர்டர் பெட்டியில் வரும் கன்ட்ரோல் ஆர்மில், கார் கம்பெனியின் சின்னம் இருந்த இடத்தைக் கிரைண்டரால் தேய்த்து அழித்த தடம் சில சமயம் இருக்கும். அச்சும் உலோகமும் அதேதான். கார் கம்பெனியின் முத்திரையோடு வெளியே விற்க உரிமை இல்லை என்பதால் முத்திரைக்கு மட்டும் தேய்ப்பு.

இதை வைத்துக்கொண்டு, 'அதே கம்பெனி பேர்தானே, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்' என்று கிளம்பிவிடக் கூடாது. வெளிச்சந்தைக்கென்று தனி வரிசை நடத்துபவர்களும் உண்டு. ஆலைக்குப் போகும் ஷாக் அந்த ஒரு மாடலுக்கென்றே வால்வு அமைத்தது. கடைக்கு வருவது மூன்று மாடல்களுக்குப் பொதுவாகப் பொருந்தும்படி செய்ததாக இருக்கலாம். பொருந்தும், ஓடும், ஆனால் வண்டி பழைய வண்டி மாதிரி உட்காராது. ஆகவே உங்கள் வண்டிக்கு அந்தப் பாகத்தைச் செய்து தருபவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கழற்றிய பழைய ஷாக்கைத் துடைத்துப் பார்த்தால் பல சமயம் செய்தவர் பெயரே அதில் பொறித்திருக்கும்.

இந்த ஓ.இ. பெட்டிகள் கடைக்கு வருவதற்கே ஒரு சண்டை நடந்தது. சப்ளையர்கள் வெளியே நேரடியாக விற்கக் கூடாது என்று கார் கம்பெனிகள் கட்டிப்போட்டிருந்தன. வெளி மெக்கானிக்குகளுக்கு பார்ட்ஸும் கிடைக்காது, கோளாறு கண்டறியும் கருவிகளும் கிடைக்காது. இது பற்றிய புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. சப்ளையர்கள் தங்கள் பெயரில் வெளியே விற்கத் தடை கூடாது, வண்டிக்காரர் வெளி மெக்கானிக்கிடம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீடு போயின, வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அதற்காக வாரண்டி உள்ள வண்டியில் வெளி ஷாக்கைப் போட்டுவிட்டு, அதனால் வந்த சேதத்துக்கு ஷோரூமில் போய் நின்றால் வேலைக்காகாது. வாரண்டி ஓடும் வரை ஷோரூம், அவ்வளவுதான்.

இனி சாமான்களுக்கு வருவோம். நம் ரோட்டில் முதலில் போவது புஷ். லோயர் ஆர்ம் வண்டியின் உடம்போடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் உருளை. உள்ளே ஒரு இரும்புக் குழல், வெளியே ஒன்று, நடுவில் இரண்டோடும் ஒட்டவைத்துப் பதப்படுத்திய ரப்பர். இதில் சுழலும் பகுதி என்று எதுவும் கிடையாது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுகி, மீண்டும் நிமிர்கிறது. பள்ளத்தில் இடிக்கும்போது முன்னும் பின்னும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் அசையக் கூடாது. அதற்காகவே சில புஷ்களில் ரப்பருக்கு நடுவே பிறை வடிவில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். ரப்பர் எவ்வளவு கெட்டி, வெற்றிடம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அந்த வண்டிக்கென்று கணக்குப் போட்டு வைத்தவை. பேர் தெரியாத பாலிதீன் கவரில் வரும் புஷ்ஷும் பார்வைக்கு அதே கறுப்புதான். கெட்டியாக இருந்தால் ரோட்டின் அதிர்வு முழுக்க ஸ்டீயரிங்குக்கு வரும். மெத்தென்றிருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கழிவு ரப்பர் கலந்திருந்தால் சீக்கிரமே வெடித்துப் பிளக்கும். பாலியூரிதேன் புஷ் போட்டால் ஆயுள் கூடும் என்று ஒரு கோஷ்டி சொல்கிறது. ஆயுள் கூடும்தான், கிரீஸ் காய்ந்தால் கிரீச்சிடும், அதிர்வும் உள்ளே வரும். பந்தயப் பிரியர்களுக்குச் சரி, பாட்டியை உட்காரவைத்துத் திருப்பதி போகும் வண்டிக்கு வேண்டாம்.

பல கார் கம்பெனிகள் புஷ்ஷைத் தனியாகத் தருவதில்லை, ஆர்ம் முழுசாகத்தான் வாங்க வேண்டும். வெளியில் புஷ் தனியாகக் கிடைக்கும். லேத் பட்டறையில் பிரஸ் வைத்து அடித்துத் தருவார்கள். ஆர்ம் நெளியாமல், பால் ஜாயின்ட் ஆடாமல் இருந்தால், மலிவு விலையில் முழு ஆர்ம் வாங்குவதைவிட, வண்டியோடு வந்த ஆர்மிலேயே நல்ல புஷ் அடித்துப் போடுவது மேல் என்பது என் கட்சி. ஆலையிலிருந்து வந்த இரும்பை எதற்குத் தூக்கிப் போட வேண்டும்?

எவ்வளவு உயர்ந்த புஷ் வாங்கினாலும் அதை ஒரே நிமிடத்தில் கெடுக்க ஒரு வழி இருக்கிறது. வண்டி தூக்கில் இருக்கும்போது சக்கரம் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையிலேயே புஷ் போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், உள் குழல் அந்த நிலையில் பூட்டிக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும் ஆர்ம் மேலே எழும்ப, ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே கிடக்கும். நிற்கும்போதுகூட அதற்கு ஓய்வு இல்லை. சில மாதங்களில் கிழியும். மெக்கானிக் 'மால் சரியில்ல சார்' என்பார். சரியான முறை, போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகு முழு இறுக்கம் கொடுப்பது. ஷெட்டில் பக்கத்தில் நின்று இதை மட்டும் கேளுங்கள்: "கீழே இறக்கிட்டு டைட் பண்ணுவீங்கல்ல அண்ணே?"

பால் ஜாயின்டில் பேரமே கிடையாது. சக்கரத்தையும் ஆர்மையும் பிணைக்கும் முட்டி அது. உருண்டைத் தலை கிண்ணத்தை விட்டு வெளியே வந்தால் சக்கரம் மடங்கி, வண்டி அந்த மூலையில் தரையில் உட்கார்ந்துவிடும். பார்க்கிங்கில் நடந்தால் அதிர்ஷ்டம், ஜி.எஸ்.டி. ரோட்டில் நடந்தால் இல்லை. மலிவானதில் முதலில் தோற்பது மேலே மூடியிருக்கும் ரப்பர் உறை. அது கிழிந்தால் தேங்கிய மழைத்தண்ணீரும் மணலும் உள்ளே போய், கிரீஸ் வெளியேறி, இரும்பு இரும்பைத் தின்னும். கார் கம்பெனிப் பெட்டி, இல்லையேல் ஆலைக்குச் சப்ளை செய்பவரின் பெட்டி; மூன்றாவது வழி வேண்டாம். டை ராட் எண்டுக்கும் இதேதான்.

ஷாக்கில் ஓ.இ. மால் நல்ல பேரம். ஆனால் ஜோடியாகப் போட வேண்டும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியது என்றால் அவசரமாக பிரேக் பிடிக்கும்போது தெரியும். டீசல் எஞ்சின் கனம் கூடுதல் என்பதால் அதே மாடலின் பெட்ரோல் வண்டிக்கும் டீசலுக்கும் முன்பக்க ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் மாறலாம். சேசிஸ் எண்ணைக் கொடுத்து பார்ட் நம்பரைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். இன்னொன்று, கடையில் வாங்கும் பெட்டிக்குள் பல சமயம் ஷாக் மட்டும்தான் இருக்கும். மேலே உட்காரும் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி மறைக்கும் உறை எல்லாம் தனி. 'பழசே நல்லாதான் இருக்கு' என்று அவற்றையே திரும்பப் போடுவார்கள். கிழிந்த உறை வழியே புகும் தூசி, பளபளவென்றிருக்கும் ராடைக் கீறும். கீறல் ஆயில் சீலை அறுக்கும். புது ஷாக் ஒழுக ஆரம்பிக்கும். வெளி மாலின் மீது விழும் பழியில் பாதி இந்தப் பழைய உறைக்குச் சேர வேண்டியது. ஆயில் மாற்றி வெல்டிங் வைத்த 'ரீகண்டிஷன்' ஷாக்கைப் பற்றி எழுதவே விருப்பமில்லை.

லிங்க் ராட் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவதில்லை. வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பிக்குத் துணை, அவ்வளவே. நல்ல பேர் உள்ள எந்த வெளி மாலும் போதும். ஸ்ப்ரிங் உடையாமல், வண்டி தாழாமல் இருந்தால் தொடவே வேண்டாம். வண்டி தட்டுகிறது என்று ஸ்ப்ரிங்குக்கு நடுவே ரப்பர் பஃபர் சொருகும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. ஸ்ப்ரிங்கின் சில சுற்றுகளை வேலை செய்யவிடாமல் தடுத்து, மற்றவற்றின் தலையில் பாரத்தை ஏற்றும் வித்தை அது.

விலைக் கணக்கில் பலரும் மறப்பது கூலி. முன்பக்க ஷாக்கை இறக்கி ஏற்ற, மலிவு மாலுக்கும் உயர்ந்த மாலுக்கும் கூலி ஒன்றே. முடிந்ததும் வீல் அலைன்மென்ட் செலவும் ஒன்றே. பாகத்தில் மிச்சம் பிடித்த தொகை, அது சீக்கிரம் போய் இரண்டாம் முறை கழற்றும்போது கூலியிலும் அலைன்மென்டிலும் கரைந்துவிடும். லிங்க் ராட் மாதிரி சட்டென்று மாற்றக்கூடிய சாமானில் சிக்கனம் பலிக்கும். கழற்றவே அரைநாள் ஆகும் இடத்தில் பலிக்காது.

போலி தனிக்கதை. ஒரிஜினல் பெட்டியையே அச்சடித்து விற்கும் கும்பல் எல்லா ஊரிலும் உண்டு. எழுத்துப் பிழை, மங்கிய அச்சு, செய்தவர் முகவரியும் மாதமும் ஆண்டும் எம்.ஆர்.பி.யும் இல்லாத லேபிள், பெட்டியில் ஒரு எண்ணும் பாகத்தில் வேறு எண்ணும் - இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "பில் வேணாம்னா குறைச்சுத் தரேன்" என்பது பழைய தூண்டில். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. ஒரே சீராக 18 சதவீதம். 28 கட்டிய காலத்தைவிட இப்போது பில் வாங்குவதில் நஷ்டம் குறைவு. பில் இல்லாவிட்டால் கேரண்டியும் இல்லை. பழைய சாமான்களுக்குப் புதுப்பேட்டைக்குப் போவதிலும் தவறில்லை. விபத்தில் நெளிந்த நக்கிள், கிராஸ் மெம்பர் போன்ற கனத்த இரும்புக்கு, உடைத்த வண்டியிலிருந்து எடுத்த ஒரிஜினல் அங்கே நியாய விலைக்குக் கிடைக்கும். நேராக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ரப்பரோ ஆயிலோ பால் ஜாயின்டோ உள்ளதை மட்டும் அங்கே தேடாதீர்கள்.

நாள் முழுக்க ஓடும் கால் டாக்ஸிக்காரருக்கு வண்டி ஒருநாள் ஷெட்டில் நின்றாலே வருமானம் போச்சு, அவர் ஓ.இ. மால் வாங்கி ஒரே தடவையில் எல்லாவற்றையும் முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். பன்னிரண்டு வருட வண்டியை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுக்கும் ஓய்வுபெற்ற சாருக்கு நிலைமை வேறு. கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். புஷ் காய்ந்து வெடித்திருக்கும், ஷாக் நன்றாகவே இருக்கலாம். அவரிடம் நாலு ஷாக்கையும் மாற்றச் சொன்னால், கழற்றுவதற்கு முன் இரண்டு பக்க லிங்க் ராடையும் அவிழ்த்துவிட்டு, தெருவில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிக் காட்டும்படி மெக்கானிக்கிடம் கேட்கலாம். டக் டக் நின்றுவிட்டால் வேலை சில நூறு ரூபாயில் முடிந்தது.