அசையும் அலையும் அசையாத நடுவும்



வித்துவான் ஒருவர் சுரத்தை அசைத்துக் கமகத்துடன் பாடுகிறார். அசைவு இனிமை தருகிறது. ஆயின் சுருதி விலகினால் அவை முகம் சுளிக்கும். பண்பலை ஒலிபரப்பிக்கும் இதுவே நிபந்தனை. ஒலிக்கேற்ப அதன் அதிர்வெண் அசைய வேண்டும். நடு அதிர்வெண் விலகலாகாது.

100 மெகாஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்குப் பத்துக் கோடி அதிர்வுகளுடன் இயங்கும் நிலையம் ஒன்றைக் கொள்வோம். உரத்த ஒலிக்கு அதன் அதிர்வெண் இருபுறமும் 75,000 ஹெர்ட்ஸ் வரை அசையும். நடு அதிர்வெண்ணோ 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் விலகலாகாது என்பது அமெரிக்க விதி. இது இலட்சத்தில் இரண்டு பங்கே. விலகல் மிகுந்தால் ஒலி சிதையும். அண்டை நிலையத்திற்கும் இடையூறு நேரும்.

இங்கேதான் இக்கட்டு எழுகிறது. கம்பிச்சுருளும் மின்தேக்கியும் கொண்ட அலையியற்றியை எளிதில் அசைக்கலாம். ஆனால் எளிதில் அசைவது எளிதில் விலகவும் செய்யும். சூட்டினால் அதன் அதிர்வெண் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினாலே பிழை ஓர் இலட்சம் ஹெர்ட்ஸ் ஆகிவிடும். ஒலி தரும் அசைவையே அது மிஞ்சும். குவார்ட்ஸ் படிகமோ நிலைபெயராதது. ஆயினும் நாம் வேண்டும் அளவுக்கு அசைந்து கொடாது.

1933இல் பண்பலைக்குக் காப்புரிமைகள் பெற்ற அமெரிக்கப் பொறியியலறிஞர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் இதற்கொரு வழி கண்டார். படிகத்தின் துடிப்பைத் தொடாமல், அதிலிருந்து வெளிவரும் அலையை மட்டும் ஒலிக்கேற்பச் சற்றே முந்தவும் பிந்தவும் செய்தார். இவ்வாறு சிதைவின்றிக் கிடைக்கும் அசைவு ஏறத்தாழ 25 ஹெர்ட்ஸே. அதைப் படிப்படியாக மூவாயிரம் மடங்கு பெருக்கினால் 75,000 ஹெர்ட்ஸ் கிட்டும். ஆனால் பெருக்கும்போது அலையில் கலந்த சிறு இரைச்சலும் உடன் பெருகும், சுற்றுகளும் பலவாகும்.

பின்னாளில் வேறொரு முறை பரவியது. எளிதில் அசையும் அலையியற்றியையே ஒலி அசைக்கும். அதன் அதிர்வெண்ணை ஆயிரத்தால் வகுத்தால் ஓர் இலட்சம் ஹெர்ட்ஸ் வரும். படிகத்திலிருந்து பெற்ற ஓர் இலட்சம் ஹெர்ட்ஸுடன் அதனை ஒரு சுற்று இடைவிடாது ஒப்பிடும். வேறுபாடு தோன்றினால், திருத்தும் மின்னழுத்தம் அலையியற்றியைப் பழைய நிலைக்கு இழுக்கும்.

அப்படியானால் ஒலி தந்த அசைவையும் அச்சுற்று பிழையென்று எண்ணித் துடைத்துவிடாதா? விரைந்து திருத்தினால் துடைத்துவிடும். மிருதங்கத்தின் தொப்பி ஓசை போன்ற தாழ்ந்த ஒலிகள் முதலில் மெலியும். சூட்டால் வரும் விலகலோ மெல்ல மெல்ல நிகழ்வது. ஒலியின் அசைவு விநாடிக்குப் பலமுறை நிகழ்வது. ஆகவே திருத்தும் சுற்றை வேண்டுமென்றே மந்தமாக அமைக்கிறார்கள். அது விரைந்த அசைவுகளைப் பொருட்படுத்தாமல், அவற்றின் சராசரியை மட்டும் காக்கிறது.

மந்தமான சுற்று, ஒலிபரப்பியை இயக்கிய உடனே சரியான அதிர்வெண்ணைப் பற்றிக்கொள்ளத் தாமதிக்கும். அதனால் சில கருவிகளில், தொடக்கத்தில் விரைவாகத் திருத்தி, நடு அதிர்வெண் நிலைபெற்றபின் மந்தமாகும்படி அச்சுற்றை அமைத்திருக்கிறார்கள்.