திசுத் துணுக்கு தரும் விடை

"ஆய்வுக்காக உங்கள் திசுவில் சிறு துணுக்கு எடுத்துக்கொள்ளலாமா?" என்று மருத்துவர் கேட்கும்போது, அதைக் கொண்டு என்ன செய்வார்கள் என்ற ஐயம் நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் எழுவது இயல்பே. அத்தகைய துணுக்கு செல்லக்கூடிய வழிகளுள் ஒன்றை இங்கே விளக்குகிறோம்.

2009ஆம் ஆண்டில், நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரிலுள்ள ஹூப்ரெக்ட் ஆய்வு நிறுவனத்தில் தோஷிரோ சாட்டோ, ஹான்ஸ் கிளெவர்ஸ் ஆகியோரின் குழு, சுண்டெலியின் குடலிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லைக் கூழ் போன்ற ஊடகத்தில் வளர்த்தது. அது பெருகி, நடுவில் வெற்றிடமும் குடற்சுவரை ஒத்த மடிப்புகளும் உடைய நுண்ணிய உருவாகத் தானே அமைந்தது. இவ்வகைச் சிற்றுருக்களே ஆர்கனாய்டுகள் எனப்படுகின்றன. பின்னர் மனிதத் திசுவிலிருந்தும் இவை வளர்க்கப்பட்டன.

இதன் பயனைச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் மரபுவழி நோயில் தெளிவாகக் காணலாம். இந்நோயில், செல்களின் வழியே உப்பும் நீரும் செல்ல உதவும் ஒரு புரதம் சரிவர இயங்குவதில்லை. நலமுள்ளவரின் குடல் ஆர்கனாய்டில் ஃபோர்ஸ்கோலின் என்னும் பொருளைச் சேர்த்தால், நீர் உட்புகுந்து அது உப்பும். நோயாளியின் ஆர்கனாய்டு அவ்வாறு உப்புவதில்லை அல்லது சிறிதளவே உப்பும். உரிய மருந்தை இட்டபின் உப்பினால், அம்மருந்து அவருக்குப் பயன்படக்கூடும் என்று கருத இடமுண்டு. உட்ரெக்ட் ஆய்வாளர்கள் 2013இல் இச்சோதனையை வெளியிட்டனர். மலக்குடலிலிருந்து எடுக்கும் சிறு துணுக்கே இதற்குப் போதுமானது.

ஆர்கனாய்டு பருமன் உடையதாதலால், சாதாரண நுண்ணோக்கியில் ஆழப்பகுதிகள் மங்கலாகவே தெரியும். கான்ஃபோகல் நுண்ணோக்கி ஒவ்வோர் ஆழத்தையும் தனித்தனி அடுக்காகப் படமெடுக்கிறது. கணினி அவ்வடுக்குகளைச் சேர்த்து முழு உருவை அமைக்கிறது. இன்னும் ஆழத்தைக் காண, வேதிப்பொருளால் நிலைப்படுத்திய ஆர்கனாய்டைப் பழச்சர்க்கரையும் கிளிசராலும் கலந்த கரைசலில் இட்டு ஒளி ஊடுருவுமாறு செய்யும் முறையை உட்ரெக்டின் பிரின்சஸ் மாக்சிமா குழந்தைப் புற்றுநோய் மையத்தினர் 2019இல் வெளியிட்டனர். வடை வைத்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஒளியை உள்ளே விடுவது போன்றதே இது. இவ்வாறு பார்க்கும்போது, புற்றுக்கட்டியின் செல்களில் மருந்துக்குப் பின் எஞ்சியவை எவை, அவை எவ்விடத்தில் உள்ளன என்பனவற்றை உருக்குலையாமல் அறியலாம்.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. ஆர்கனாய்டு முழு உறுப்பு அன்று. பெரும்பாலானவற்றில் இரத்தக் குழாய்களோ நோய் எதிர்ப்புச் செல்களோ இல்லை. கல்லீரல் ஒரு மருந்தை எவ்வாறு மாற்றும், பக்கவிளைவு என்னவாகும் என்பனவற்றைக் குடல் ஆர்கனாய்டு கூறாது. ஆகவே அதன் முடிவு மருத்துவரின் கணிப்புக்குத் துணையேயன்றி, அதற்கு மாற்றாகாது.

திசு வழங்க ஒப்புதல் அளிக்குமுன் சில வினாக்களைத் தயங்காமல் கேளுங்கள். இத்துணுக்கு என் சிகிச்சைக்காகவா, பொதுவான ஆய்வுக்காகவா? ஆர்கனாய்டுகள் எவ்வளவு காலம் சேமிக்கப்படும்? என் மரபணு விவரங்களை யார் காண்பர்? முடிவு எனக்குத் தெரிவிக்கப்படுமா? பின்னர் மனம் மாறினால் விலகிக்கொள்ளலாமா? ஆய்வுக்கு மறுப்புத் தெரிவிப்பதால் வழக்கமான சிகிச்சை தடைபடக் கூடாது. ஒப்புதல் படிவத்தை வீட்டிற்கு எடுத்துச் சென்று, குடும்பத்தாருடன் படித்து, தெளிந்த பின்னரே கையொப்பமிடுங்கள்.