புதுமாணவரின் ஒரு நாட்பொழுது

மாத்தளையினின்று பேராதனைக்கு உள்ள தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை 1880இலேயே அமைந்துவிட்டது. இத்துணை அண்மையில் இருந்தும், பேராதனையில் முதலாண்டிற் புகுந்த மாணவன் ஒருவன் விடியல் முதல் உறங்கும் வரை என்ன செய்கின்றான் என வினவினால், பெற்றோரும் விடை கூறார்; அவனுக்குப் பள்ளியிற் கற்பித்த ஆசிரியரும் கூறார். அவன் பெற்ற புள்ளிகளை யாவரும் அறிவர். அவன் பொழுதை அறிவார் இலர்.

இவ்வறியாமை பேராதனை எழுந்த நோக்கத்தோடே மாறுபடுவதாகும். 1942இல் நிறுவப்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் துணைவேந்தரான சேர் ஐவர் ஜெனிங்ஸ், மாணவர் உறைந்து கற்கும் கழகமாக அதனை உருவாக்க விழைந்தார். 1952இல் கலைப் பீடம் கொழும்பினின்று பேராதனைக்குப் பெயர்ந்தபோது, விரிவுரை மண்டபங்களைப் போன்றே அருணாசலம், ஜயதிலக்க முதலிய ஆடவர் விடுதிகளும் அங்கு முதன்மை பெற்றன. உணவு மேசையும், விளையாட்டுத் திடலும், இரவு நெடுநேரம் நீளும் உரையாடலும் கல்வியின் கூறுகளே என்பது உறைவிடக் கல்வியின் உட்கிடை. அவ்வாறாயின் அவற்றை ஆராய்தலும் கல்வியை ஆராய்தலேயன்றோ?

ஆயின் ஆராயும் வழி யாது? வரவேட்டிற் காண்பது மாணவன் விரிவுரைக்கு வந்தானா என்பது மட்டுமே. வினாக்கொத்தொன்றை நீட்டி, நாடோறும் எத்தனை மணி நேரம் படிக்கின்றாய் எனக் கேட்டால், கேட்பவர் விரும்பும் விடையையே பெரும்பாலான இளைஞர் எழுதுவர். இவ்வியல்பினை ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

மேலைநாட்டார் வேறு வழிகளைக் கையாண்டனர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியோடர் நியூகம் என்னும் உளவியலாளர், 1950களின் நடுப்பகுதியில், ஒருவரையொருவர் முன்பின் அறியாத மாணவர் பதினெழுவரை ஒரே மனையிற் குடியிருத்தினார். அடுத்த ஆண்டில் வேறு பதினெழுவரைக் கொண்டும் அவ்வாறே செய்தார். அனைவரும் அப்பல்கலைக்கழகத்திற்குப் புதிதாய் வந்த ஆடவர். வாடகை இன்றி உறைவிடம் பெற்றமைக்கு ஈடாக, அவர்கள் வாரந்தோறும் பற்பல வினாக்களுக்கு விடையளித்தனர். நாள் செல்லச் செல்ல, மனப்போக்கு ஒத்தவரிடையே நட்பு உறுதிப்பட்டதை அவர் கண்டார். 1961இல் அவ்வாய்வு நூலாயிற்று.

தமிழர்க்குச் சுவை தரும் மற்றொரு செய்தி மைக்கேல் மொஃபற் என்னும் மானிடவியலாளரைப் பற்றியது. அவர் முதலில் ஆராய்ந்தது தமிழ்நாட்டுச் சிற்றூரொன்றில் வாழ்ந்த ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வை. தமிழகத்து ஊரிற் பயின்ற அதே முறையை, நியூ ஜேர்சியில் தாம் கற்பித்த றட்கர்ஸ் பல்கலைக்கழகத்து விடுதியிற் கையாளத் துணிந்தார். 1977இல், முப்பது வயதைக் கடந்த பின்னர், புதுமாணவர் போலத் தம்மைக் காட்டிக்கொண்டு மாணவரிடையே சில நாள் தங்கினார். பிற்காலத்தில் ஆய்வாளரென யாவரும் அறியவே பழகினார். 1989இல் வெளிவந்த அவரது நூல் பேராசிரியர் பலருக்கு வியப்பளித்தது. மாணவருட் பெரும்பாலோர் விரிவுரை தவிர்ந்த வேளையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மணி நேரமே படித்தனர். நண்பரோடு அளவளாவுதலில் ஏறத்தாழ 4 மணி நேரம் சென்றது. வேடம் பூண்டு பிறர் வாழ்வுட் புகுதல் தக்கதா என்னும் ஐயம் எழுவது இயல்பே. கண்டவற்றின் பயனை மறுத்தற்கில்லை. எனினும் இளைஞரின் இசைவைப் பெறாத ஆராய்ச்சி இந்நாட்டிற்கு ஏற்றதன்று.

இந்நாட்டில் இவ்வாராய்ச்சி வெறும் அறிவு வேட்கையன்று. பேராதனையிலே 1997இல் பொறியியற் பீடத்து முதலாண்டுத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதைக்கு உள்ளாகிச் சிறுநீரகம் பழுதுற்று உயிர் துறந்தார். மறு ஆண்டில் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் நிறைவேறிற்று. பகிடிவதை புரிந்தோர்க்கு 2 ஆண்டு வரையும், கொடுங்காயம் விளைத்தோர்க்கு 10 ஆண்டு வரையும் சிறைத்தண்டம் விதிக்க அச்சட்டம் இடந்தருகின்றது. அதன் பின்னரும் தீமை ஒழிந்திலது. முறையிட அஞ்சும் புதுமாணவன் வீட்டாரிடம் சுகமாயிருப்பதாகவே கூறுவான். தோட்டத்து லயத்திலிருந்து பல்கலைக்கழகம் புகும் முதல் மகனாயின், குடும்பத்தின் நம்பிக்கை முழுவதும் தன் தோளில் இருப்பதை எண்ணி மேலும் வாய் மூடுவான். யார் அடித்தார் என்னும் வினாவிற்கு அவன் விடை பகரான். நேற்று இரவு எத்தனை மணிக்கு உறங்கினாய், காலை உணவை எங்கு உண்டாய், மாலை ஐந்து முதல் எட்டு வரை எங்கிருந்தாய் என்பவற்றிற்கு விடை கூறுவான். மூன்று நாள் தொடர்ந்து மூன்று மணி நேரமே உறங்கினான் எனின் மறைந்தது புலப்படத் தொடங்கும்.

மணிக்கணக்கில் எழுதும் நாட்குறிப்பு எளிய கருவி. அதற்கு வேண்டுவன ஒரு பயிற்சிக் கொப்பியும், எழுதியது மூத்த மாணவர் கைக்குச் செல்லாதென்னும் உறுதியுமே. பெயரின்றி எழுதுதல் நன்று. விடுதி மேற்பார்வையாளரிடமோ விரிவுரையாளரிடமோ அதனை ஒப்படைத்தல் பலருக்கு அச்சம் தரும். பழைய பள்ளியின் ஆசிரியரிடம் அவ்வச்சம் குறைவு. இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை முதலிய இடங்களிலிருந்து பேராதனை சென்ற இளைஞர் விடுமுறையில் ஊர் திரும்புகின்றனர். மாசி மக விழாவிற்கு முத்துமாரியம்மன் தேரடியில் அவர்களுட் பலரை ஒருங்கே காணலாம். முதலாண்டு முடியுமுன்னரே அவர்களிடம் அவ்வினாக்களைக் கேட்டல் கூடும்.