செப்டம்பர் 16

கேரித் தீவுத் தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, கரும்பலகையின் ஓரத்தில் அன்றைய தேதியின் வரலாற்றை எழுதுவேன். எனக்கு மிகவும் பிடித்தது செப்டம்பர் 16.

1963இல் அன்றுதான் மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் இணைந்து மலேசியா உருவானது. முதலில் குறித்த நாள் ஆகஸ்டு 31. இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் எதிர்த்தன. சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை அறிய ஐ.நா. குழு வந்தது, தேதி தள்ளிப்போனது. புதிய தேதியில் சிங்கப்பூர் பிரதமர் லீ குவான் இயூவுக்கு 40 வயது நிறைந்தது. இரண்டே ஆண்டில், 1965 ஆகஸ்டு 9 அன்று, சிங்கப்பூர் பிரிந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

அதே செப்டம்பர் 16இல், 1916ஆம் ஆண்டு, மதுரையில் பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்தார்.

"இதுக்கும் அதுக்கும் என்னங்க சார் சம்பந்தம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. சம்பந்தம் எதுவுமில்லை. ஆண்டுக்கு 365 நாள்தான், நிகழ்ச்சிகளோ கணக்கில்லாதவை. 23 பேர் உள்ள வகுப்பிலேயே இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்குமேல். ஆனால் ஆகஸ்டு 31 ஏன் செப்டம்பர் 16 ஆனது என்பதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகள் தேடிப் படிக்க வேண்டியது அதைத்தான்.