நம்ம வார்டு, நம்ம மன்றம் – 9
பந்தலுக்கு வருபவர் சபைக்கும் வரட்டும்

வார்டில் ஒரு சாவு விழுந்தால், சொந்தக்காரர்களுக்கு அடுத்தபடியாகப் போன் போவது கவுன்சிலருக்கு. ஐஸ் பெட்டி வர வேண்டும், சாமியானா போட வேண்டும், தெருவில் ஒரு தண்ணீர் லாரி நிற்க வேண்டும், மாதக்கணக்கில் எரியாத தெருவிளக்கு இன்று ராத்திரியாவது எரிய வேண்டும், மயானத்தில் நேரம் கேட்டுச் சொல்ல வேண்டும். அவர் வந்து மாலை போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனால், "கவுன்சிலரே வந்துட்டுப் போனாரு" என்று அந்த வீட்டில் வருஷக்கணக்கில் சொல்வார்கள். வராவிட்டால் அதையும் சொல்வார்கள், அடுத்த தேர்தல் வரைக்கும்.

சாவு வீட்டோடு முடிவதில்லை. மார்கழியில் கோலப் போட்டிக்குப் பரிசு, தையில் சமத்துவப் பொங்கல், சித்திரை வெயிலில் நீர்மோர்ப் பந்தல், ஆடியில் அம்மன் கோயில் கூழுக்கு அரிசி, ஆகஸ்ட் 15 காலையில் மாநகராட்சிப் பள்ளியில் கொடியேற்றம், ஐப்பசி மழையில் முட்டளவு தண்ணீரில் நின்றபடி பால் பாக்கெட்டும் ரொட்டியும் கொடுப்பது. நடுவில் கண் பரிசோதனை முகாம், கொசு மருந்து அடிக்கும் வண்டிக்குப் பின்னால் ஒரு நடை, காதுகுத்து, வளைகாப்பு. கவுன்சிலரின் பொதுவாழ்க்கை என்று நாம் கண்ணால் பார்ப்பது பெரும்பாலும் இந்தப் பந்தல்களுக்குக் கீழேதான்.

இதை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாத நகரத்தில், துக்கத்துக்கு வந்து உட்காரும் பொதுமனிதர் ஒருவர் இருப்பது சின்ன விஷயம் இல்லை. அப்படி ஒருவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாம் அனுபவித்துவிட்டோம். 2016 அக்டோபரில் அன்றிருந்த உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அதே மாதம் நடக்கவேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகு இடஒதுக்கீடு, வார்டு மறுவரையறை, வழக்குமேல் வழக்கு என்று இழுத்துக்கொண்டே போய், 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நகர்ப்புறத் தமிழ்நாடு வாக்களித்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக எந்த ஊர் நகராட்சியிலும் மாநகராட்சியிலும் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு கவுன்சிலர்கூட இல்லை. தனி அலுவலர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்த ஆண்டுகளில் சென்னை எதையெல்லாம் கடந்தது என்று எண்ணிப் பாருங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் மரங்களைச் சாய்த்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடங்களோடு விடியவிடியக் காத்துக்கிடந்தோம். 2020இல் கொரோனா வந்தது, தெருவைத் தகரம் அடித்து மூடினார்கள். உள்ளே இருந்த முதியவருக்கு மாத்திரை யார் வாங்கி வருவது, வெளியூர்த் தொழிலாளி குடும்பம் எந்த வீட்டில் பட்டினி கிடக்கிறது என்று வீடுவீடாகத் தெரிந்த, அதற்குப் பொறுப்பும் உள்ள ஒருவர் தேவைப்பட்ட நேரம் அது. அதிகாரிகளும் தூய்மைப் பணியாளர்களும் தன்னார்வலர்களும் உயிரைக் கொடுத்து உழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் 'எங்க தெருவுக்கு ஏன் வரலை?' என்று சட்டையைப் பிடித்துக் கேட்கும் உரிமையோடு போய் நிற்க ஒரு வாசல் இல்லை. சட்டமன்ற உறுப்பினர் இருந்தார். அவர் தொகுதிக்குள் பல வார்டுகள். 2021 நவம்பரில் தியாகராய நகர்த் தெருக்களில் வெள்ளம் நின்றபோதும் இதே நிலைதான்.

அதனால் 2022இல் வந்தவர்களை நான் ஆசையோடு பார்த்தேன். பாதி இடம் பெண்களுக்கு என்ற சட்டம் அந்தத் தேர்தலில் முகங்களையே மாற்றியது. 28 வயது ஆர். பிரியா சென்னையின் மேயரானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் தலித் பெண் அவர். சென்னையில் 21 வயதுப் பெண் ஒருவர் மார்க்சிஸ்ட் கட்சி வேட்பாளராக நின்று வென்றார். வேலூரில் திருநங்கை கங்கா நாயக் கவுன்சிலரானார். மாநகராட்சியான கும்பகோணத்துக்கு முதல் மேயர், ஆட்டோ ஓட்டுநர் சரவணன். சட்டமன்றமும் நாடாளுமன்றமும் இன்னும் தொட முடியாத தூரத்தை நகர மன்றங்கள் ஒரே தேர்தலில் தாண்டின. ஒரு வருத்தம்: மாநிலம் முழுக்க ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் வாக்களித்த அந்தத் தேர்தலில் சென்னை 44 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. இன்னொரு வருத்தம்: வென்ற பெண்களில் பலருடைய வீட்டில் 'கவுன்சிலர்' என்று கூப்பிட்டால் இன்றும் திரும்பிப் பார்ப்பவர் கணவர். விழா மேடையில் அக்காவுக்குப் பொன்னாடை, மண்டல அலுவலகத்தில் பேசுவது அண்ணன். எல்லா இடத்திலும் இல்லை, ஆனால் இருக்கிறது.

பந்தலுக்கு வருவோம். அதில் ஒரு கண்ணி இருக்கிறது.

மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாத மதிப்பூதியம் 10,000 ரூபாய். அதுவும் 2023 ஜூலையிலிருந்துதான். நகராட்சியில் 5,000, பேரூராட்சியில் 2,500. அதற்கு முன்னால் கூட்டத்துக்கு வந்தால் ஒரு சிறு படி, அவ்வளவே. இந்தப் பணத்தில் எத்தனை மாலை, எத்தனை மொய், எத்தனை அன்னதானம் செய்ய முடியும்? ஒரு ஆடி மாதத்துக்குக் காணாது. மீதி எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்பதில்லை. சொந்தச் சொத்தை விற்றுச் செய்கிறவர்கள் உண்டு, அவர்கள் நெடுநாள் தாங்குவதில்லை. மற்றவர்களுக்கு யாரோ கொடுக்கிறார்கள். கொடுத்தவர் ஒருநாள் தெருவை வெட்ட அனுமதி கேட்டு வருவார், அல்லது வடிகால் வேலையின் தரத்தைக் கண்டுகொள்ள வேண்டாம் என்பார். நாம் கேட்கும் ஒவ்வொரு அன்பளிப்பும் கவுன்சிலரை அந்தப் பக்கம் ஒரு அடி தள்ளுகிறது. புதிய வீடு கட்டுகிறவரிடம் கை நீட்டும் கவுன்சிலரைத் திட்டுகிற நாமே, கோயில் கொடைக்கு ரசீது புத்தகத்தோடு அவர் வீட்டுக்குத்தான் முதலில் போகிறோம்.

இரண்டாவது சேதம் இதைவிடப் பெரியது. கொடுப்பவரிடம் கேள்வி கேட்க முடியாது. 'அண்ணன் போட்டுக்கொடுத்த ரோடு' என்று நாமே சொல்லிப் பழகிவிட்டோம். அந்த ரோடு நம் சொத்துவரியில் போட்டது. ஏன் ஆறு மாதத்தில் பெயர்ந்தது என்று கேட்டால் நன்றிகெட்டவர்கள் ஆகிவிடுவோமோ என்று வாயை மூடிக்கொள்கிறோம்.

மன்றம் என்பது கொடுக்கும் இடம் இல்லை, தீர்மானிக்கும் இடம் என்பதற்குச் சென்னையிலேயே நூறு வருஷத்துக்கு முந்தைய சாட்சி உண்டு. 1920 செப்டம்பரில், பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க மன்றம் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு. பசியோடு வரும் பிள்ளை படிக்காது, பள்ளிக்கே வராது என்று நகரத்தின் பிரதிநிதிகள் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு அது. தியாகராயர் செல்வந்தர். சொந்தப் பணத்தில் அன்னதானம் செய்திருந்தால் அது அவரோடு போயிருக்கும். மன்றத்தின் பணத்தில், மன்றத்தின் பதிவேட்டில் எழுதிச் செய்ததால், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று ஆங்கில அரசு 1925இல் தடுத்து நிறுத்திய பிறகும் அந்த யோசனை சாகவில்லை. காமராசர் காலத்து மதிய உணவு, 1982இன் சத்துணவு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு எல்லாவற்றுக்கும் முன்னோடி, ஒரு நகர மன்றத்தின் அந்தத் தீர்மானம்.

இப்போது கவுன்சிலருக்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நகர அமைப்புகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று 18 பணிகளைப் பட்டியலிட்டது. சென்னையில் நிலைமை என்ன? குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்திடம். நகரத் திட்டமிடல் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடம். மின்சாரம் மின்வாரியத்திடம். தெருவில் சாக்கடை பொங்கினால் நாம் திட்டுவது கவுன்சிலரை. அவரோ குடிநீர் வாரியப் பொறியாளருக்குப் போன் போட்டுக் கெஞ்ச வேண்டியவர். வாரியம் தோண்டிய பள்ளத்தை மாநகராட்சி மூட வேண்டும், மூடியதை மின்வாரியம் மறுபடி தோண்டும். இந்த மூவரையும் ஒரே நாளில், தெருக்காரர்கள் முன்னால், ஒரே இடத்தில் உட்காரவைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். யார் பொறுப்பு என்பதாவது தெரிந்துவிடும்.

அப்படி உட்காரவைக்க ஒரு வழி இருக்கிறது. பகுதி சபை. சிலர் ஏரியா சபை என்கிறார்கள். கிராமங்களுக்குக் கிராம சபை இருப்பதுபோல நகரங்களுக்கும் வேண்டும் என்று மக்கள் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கேட்டு, 2022இல்தான் அதற்கு விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதல்வரே வந்து அமர்ந்தார். வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதியின் வாக்காளர் அத்தனை பேரும் உறுப்பினர் என்பது ஏற்பாடு. கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு, பகுதிக்கு ஒரு பிரதிநிதி.

சென்னையில் வார்டுக்குப் பத்துப் பகுதி. 200 வார்டுக்கு 2,000. 2011 கணக்கெடுப்பின்படி நகரத்தின் மக்கள்தொகை சுமார் 67 லட்சம். அப்படியானால் ஒரு பகுதிக்கு மூவாயிரத்துச் சொச்சம் பேர். தமிழ்நாட்டின் சுமார் 12,500 ஊராட்சிகளுக்குக் கிராமப்புற மக்களை வகுத்துப் பாருங்கள், ஓர் ஊராட்சிக்கு ஏறக்குறைய மூவாயிரம். அதாவது உங்கள் நாலைந்து தெருவும் ஒரு கிராமமும் அளவில் ஒன்று! அந்தக் கிராமத்துக்குச் சட்டப்படி ஒரு தலைவர், வார்டு உறுப்பினர்கள், வரவு செலவு படித்துக் காட்டப்படும் கிராம சபை எல்லாம் உண்டு. பரந்தூரில் திட்டமிடப்பட்ட விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டதை நாடே கவனித்தது. அதே எண்ணிக்கையில் நகரத்தில் வாழும் நமக்கு அப்படி ஒரு குரல் இல்லாமலேயே இத்தனை காலம் ஓடிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. பகுதிப் பிரதிநிதியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் நியமிக்கிறது. ஆகவே ஆளுங்கட்சிக்காரரே வந்து உட்காரும் வாய்ப்பு அதிகம். கூட்டம் நடப்பது பல தெருக்களுக்குத் தெரிவதே இல்லை. நடக்கும் இடத்திலும் அது மனுநாள் ஆகிவிடுகிறது: முதியோர் உதவித்தொகை, பட்டா, ரேஷன் அட்டை. அவையும் வேண்டியவைதான்; கண்ணீரோடு வரும் பாட்டியைப் பார்த்து 'இது அதற்கான இடம் இல்லம்மா' என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மனுவை வாங்கிக்கொண்டதோடு கூட்டம் கலைந்தால், கவுன்சிலர் மறுபடி கொடுப்பவர் ஆகிவிடுகிறார், பந்தல் மட்டும் இடம் மாறியிருக்கிறது. சபையில் பேசவேண்டியது வேறு. இந்த ஆண்டு நம் பகுதிக்கு ஒரு வேலைக்குத்தான் பணம் என்றால் எதைச் செய்வது, மழைநீர் வடிகாலா, மீன் விற்கும் பெண்களுக்குக் கழிப்பறையா, பள்ளிக்குச் சுற்றுச்சுவரா? கழிப்பறை என்று முடிவானால் எந்த இடத்தில்? போன மழையில் எந்த வீடுவரை தண்ணீர் வந்தது? இதற்கான விடை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் இல்லை, அந்தத் தெருவில் குடியிருப்பவரிடம் இருக்கிறது.

கேரளம் 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கிவிட்டு, பிறகு மக்களைக் கூட்டி 'என்ன செய்யலாம்' என்று கேட்டது. பணம் இருந்ததால் பேச்சுக்கு மதிப்பு வந்தது. நம் பகுதி சபைக்கும் சொந்தமாக ஒரு நிதி, சிறியதானாலும், வேண்டும். பிரதிநிதியைத் தெருக்காரர்களே தேர்ந்தெடுக்கும் முறையும் வேண்டும்.

2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களுக்கு ஐந்தாண்டுதான் காலம். அடுத்த தேர்தல் மறுபடி ஐந்து வருஷம் தள்ளிப்போகாது என்பதற்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இந்த வாரம் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் தெரு எத்தனையாவது பகுதியில் வருகிறது, அதன் பிரதிநிதி யார், கடைசிக் கூட்டத்தில் என்ன தீர்மானம் எழுதினார்கள் என்று வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். உதவிப் பொறியாளரிடமோ கவுன்சிலரிடமோ அந்தப் பதிவேடு இருக்க வேண்டும். காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு. கூட்டமே நடக்கவில்லை என்றால், பக்கத்து வீட்டார் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கி, அடுத்த கூட்டத்துக்குத் தேதி கேட்டுக் கவுன்சிலருக்கே எழுதுங்கள். அவர் வீடு உங்களுக்குத் தெரியும்.

(அடுத்த வாரம்: மாநகராட்சிப் பட்ஜெட்டில் நம் வார்டைத் தேடுவது எப்படி)