இயங்குதளப் பழுதறிதல் கற்பித்தல்

இயங்குதளப் பழுதறிதல் கற்பித்தல் என்பது, கணினியின் இயங்குதளம் சரியாக இயங்காதபோது அதன் காரணத்தை முறைப்படி கண்டறிந்து சரிசெய்ய மாணவர்களுக்குப் பயிற்சி அளிப்பதாகும். பழுதை நீக்குவது இதன் ஒரு பகுதி மட்டுமே. பழுது எந்தப் படிநிலையில் நேர்ந்தது என்பதைச் சான்றுகளைக் கொண்டு முடிவு செய்வதும், அதுவரை மாணவரின் கோப்புகள் அழியாமல் காப்பதும் இதன் முதன்மை நோக்கங்கள் ஆகும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் இதனால் பயன்பெற்றனர். தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டு இயங்குதளங்கள் நிறுவப்பட்டிருந்தன. பாஸ் லினக்ஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய கட்டற்ற இயங்குதளம் ஆகும்.

இதனால், கொள்ளிடக் கரையில் உள்ள திருமழபாடி போன்ற ஊர்களின் மாணவர்கள் பலருக்கும் வீட்டின் முதல் கணினியே இரண்டு இயங்குதளங்கள் கொண்டதாக அமைந்தது. கணினி நின்றுபோனால் நகரத்துக் கடைக்கு எடுத்துச் செல்வதே பொதுவான வழக்கம். "பார்மட்" செய்து விண்டோசை மட்டும் மீண்டும் நிறுவுவது விரைவான தீர்வு என்றாலும், அதில் மாணவரின் கோப்புகளும் மற்றோர் இயங்குதளமும் அழியக்கூடும். பழுதறியும் பயிற்சியின் தேவை இங்குதான் எழுகிறது.

2018-19 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் விண்டோசுடன் உபுண்டு லினக்சும் இடம்பெற்றது. தொழிற்பயிற்சி நிலையங்களில் கணினி வன்பொருள் மற்றும் வலையமைப்புப் பராமரிப்பு ஒரு தனித் தொழிற்பிரிவாகும். அண்டை மாநிலமான கேரளத்தில் 2018 இல் தொடங்கப்பட்ட "லிட்டில் கைட்ஸ்" மன்றங்கள் பள்ளி மாணவர்களுக்கு வன்பொருள் உள்ளிட்ட பயிற்சிகளை அளிக்கின்றன.

துவக்கப் படிநிலைகள்

கணினி பின்வரும் வரிசையில் துவங்குகிறது. எந்தப் படிவரை வந்து நின்றது என்பதை அறிந்தால், தேட வேண்டிய இடம் குறுகிவிடும்.

1. மின்சாரம்: விளக்கோ விசிறியோ இயங்காவிட்டால் முதலில் மின்னேற்றி, மின்கலம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.
2. நிலைபொருள் (பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ): நினைவகம், வன்தட்டு முதலியவற்றை அடையாளம் காண்கிறது.
3. துவக்க ஏற்றி: எந்த இயங்குதளத்தைத் துவக்குவது என்பதைத் தீர்மானிக்கிறது. லினக்சில் பெரும்பாலும் "கிரப்" பயன்படுகிறது.
4. கருனி: வன்பொருளை இயக்கும் நிரல்களை ஏற்றுகிறது.
5. சேவைகளும் நுழைவுத் திரையும்: பயனர் தம் கணக்கினுள் நுழைகிறார்.

எடுத்துக்காட்டுகள்

காணாமற்போன லினக்ஸ்: பயாஸ் வகைக் கணினியில் விண்டோசை மீண்டும் நிறுவினால், வன்தட்டின் தொடக்கத்தில் இருந்த கிரப் மேலெழுதப்படும். அதன்பின் விண்டோஸ் மட்டுமே துவங்கும். நிறுவலின்போது லினக்ஸ் பகிர்வை அழிக்காமல் இருந்திருந்தால், லினக்சும் அதிலுள்ள கோப்புகளும் வன்தட்டில் அப்படியே இருக்கும். நேரடி லினக்ஸ் வட்டு அல்லது யூஎஸ்பி மூலம் கணினியைத் துவக்கி, கிரப்பை மீண்டும் நிறுவினால் போதுமானது. யூஇஎஃப்ஐ கணினிகளில் பெரும்பாலும் துவக்க வரிசை மட்டுமே மாறியிருக்கும்.

ஐந்தரை மணிநேர வேறுபாடு: கணினியின் வன்பொருள் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தைப் பதிகிறது. லினக்ஸ் வழக்கமாக ஒருங்கிணைந்த அனைத்துலக நேரத்தைப் பதிகிறது. எனவே இணைய இணைப்பு இல்லாத இடத்தில், லினக்சைப் பயன்படுத்தியபின் விண்டோசைத் துவக்கினால் கடிகாரம் ஐந்தரை மணிநேரம் பின்தங்கும். மாறாக, நாள் பல ஆண்டுகள் பின்சென்றால் தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்திருக்கலாம். அப்போது பாதுகாப்பான இணையத்தளங்களும் சான்றிதழ்ப் பிழையைக் காட்டும். வேறுபாட்டின் அளவே காரணத்தைச் சுட்டுகிறது.

திரும்பத் திரும்ப வரும் நுழைவுத் திரை: லினக்சில் சரியான கடவுச்சொல்லை இட்ட பின்னும் நுழைவுத் திரையே மீண்டும் வந்தால், வன்தட்டில் இடம் தீர்ந்திருப்பது ஒரு காரணம். உரை முனையத்தில் நுழைந்து தேவையற்ற கோப்புகளை நீக்கினால் இது சரியாகும்.

கற்பிக்கும் முறை

மெய்நிகர் கணினி இப்பயிற்சிக்கு ஏற்றது. ஆசிரியர் அதன் நல்ல நிலையைப் பதிவு செய்துகொண்டு, வேண்டுமென்றே ஒரு பழுதை உண்டாக்கலாம். மாணவர்கள் தவறு செய்தாலும் பழைய நிலைக்குத் திரும்ப முடியும். விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருட்கள் இதற்குப் பயன்படுகின்றன. மாணவர்கள் பின்பற்ற வேண்டியவை:

* பிழைச் செய்தியைச் சொல் மாறாமல் எழுதிக்கொள்ளுதல்.
* கடைசியாக என்ன மாற்றம் செய்யப்பட்டது என்று கேட்டறிதல்.
* எதையும் மாற்றும் முன், இயன்றால் நேரடி லினக்ஸ் மூலம் கோப்புகளைப் படியெடுத்தல்.
* ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, விளைவைக் குறித்தல்.
* மறுநிறுவலைக் கடைசி வழியாகக் கொள்ளுதல்.

புதிய கணினிகள் பலவற்றில் வன்தட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். நிலைபொருள் அமைப்புகளை மாற்றினால் விண்டோஸ் மீட்புத் திறவுகோலைக் கேட்கலாம். அது இல்லையெனில் கோப்புகளைத் திறக்க இயலாது. எனவே பழுது நேரும் முன்பே திறவுகோலைத் தனியே எழுதி வைப்பதும் பாடத்தின் பகுதியாக இருத்தல் வேண்டும்.